மச்சான் வண்டிக்கு வைத்த இரும்பு

அன்றைக்கு அந்த ரோட்டில் இருந்தவர்கள்:

நான்.

என் மச்சான். என் வீட்டுக்காரியின் தம்பி. எஞ்சின் வேலைக்காரன்.

அவனுடைய மாமனார். திருப்பதியிலிருந்து வந்திருந்தார்.

ரோடு கம்பெனிக் காவல்காரர். ஒரு கட்டு பீடி வாங்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்துவிட்டவர்.

அவ்வளவுதான். என் வீட்டுக்காரி இல்லை. அவள் செத்துப்போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சித்தூருக்கு வெளியே புதிதாகப் போட்ட ரோடு. இன்னும் திறந்துவிடவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வளைவு கிடையாது. மச்சான் தன் காரை அங்கே கொண்டுவந்திருந்தான். அந்தக் காலத்தில் கலெக்டரும் பெரிய முதலாளிகளும் வைத்திருந்த நீளமூக்குக் கார். அமெரிக்காவில் மசில் கார் என்று சொல்கிறார்களே, நம் நாட்டில் அதற்குப் பக்கத்தில் வருவது இது ஒன்றுதான் என்பான். காளஹஸ்தியில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் கோழி அடைந்துகொண்டு நின்றதை இழுத்துக்கொண்டு வந்தான். என் வீட்டுக்காரி அப்போது இருந்தாள். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு நீ ஒரு எருமை வாங்கிக்கினு வந்திருக்கலாம்டா. பாலாவது கறக்கும்" என்றாள்.

அவன் அதன் சொந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, சென்னையில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் பிடித்த ஆறு சிலிண்டர் ஜப்பான் எஞ்சினை டர்போவோடு ஏற்றியிருந்தான். டிராக் ரேஸுக்கு. நானூற்று இரண்டு மீட்டர், நேர் ரோடு. நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். யார் முதலில் போய்ச் சேருகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். வேறு ஒன்றும் இல்லை அதில்.

அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கிளட்சை விட்டான். பின் டயர் புகைந்தது. பிறகு பிடித்தது. மூக்கு தூக்கிக்கொண்டது. அதோடு ஒரு சத்தம். எண்ணெய் டின்னைக் காலால் மிதித்தால் வருமே, அந்தச் சத்தம். ஐம்பது அடிகூடப் போகவில்லை, நிறுத்திவிட்டான். ஓடிப் போய்ப் பார்த்தோம். முன் கண்ணாடி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விரிசல் விட்டிருந்தது. கதவு திறக்கவில்லை. அவன் ஜன்னல் வழியாக வெளியே வந்தான்.

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடிதான் முறுக்கிக்கொண்டது.

மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னா மாப்ள, மூங்கில் கூடைல யானைய கட்டி இழுக்கிறியா?" என்றார். காவல்காரர் சிரித்தார். மச்சானும் சிரித்தான்.

பிறகு மாமனார் என்னைப் பார்த்துச் சொன்னார். அவருக்குத் திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஷெட் இருக்கிறது. மலைக்கு வருகிற வண்டிகளால் வேலைக்குப் பஞ்சமில்லை. அவருக்கு மூட்டு போய்விட்டது. மகன் கிடையாது. ஷெட்டை மாப்பிள்ளை வந்து பார்த்துக்கொள்வதாகப் பேச்சாகிவிட்டது. இந்தக் கார் பைத்தியம் ஒன்றுதான் பாக்கி. ஒரு ரேஸ் ஓட்டிவிட்டால் குடும்பத்தோடு வந்துவிடுவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருக்கிறார். நீங்கள்தான் பாடியைச் சீக்கிரம் பலமாக்கித் தர வேண்டும் என்றார்.

அந்த வாக்கைப் பற்றி எனக்கு அப்போதுதான் தெரியும். மச்சான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, பண்ணிடலாம் என்றேன்.

எனக்கும் அவனுக்கும் வேலூர் ரோட்டில் ஒரே ஷெட். நான் டிங்கர். அடிபட்ட பாடியை நிமிர்த்துவது, வெட்டுவது, பற்றவைப்பது என் வேலை. எஞ்சின் அவன் வேலை. அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே என்னிடம் வந்துவிட்டான். அவன் அக்காதான் கொண்டுவந்து விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. சாயந்திரச் சாப்பாடு மூன்று பேருக்கும் ஒன்றாகத்தான். அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் பாதி நாள் எங்கள் வீட்டில் தின்றுவிட்டுத்தான் போவான். அவள் போன பிறகு அது திரும்பிக்கொண்டது. அவன் வீட்டிலிருந்து எனக்கு கேரியர் வந்தது.

அவள் இருந்தபோது அவன் எனக்கு மச்சான். அவள் போன பிறகு என்ன முறை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் நல்லது என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்தக் காருக்கு லாரி மாதிரித் தனியாகச் சட்டம் கிடையாது. முன்னால் எஞ்சினைத் தாங்க இரண்டு குட்டைக் கை. பின்னால் அச்சைத் தாங்க இரண்டு குட்டைக் கை. நடுவில் வெறும் தரைத் தகடு. கம்பெனிக்காரன் வைத்த எஞ்சினுக்கு அது போதும். அதைப் போல நாலு மடங்கு இழுக்கிற எஞ்சினை வைத்தால் பின்பக்கம் தள்ளுகிறது, முன்பக்கம் திருகுகிறது, நடுவில் இருக்கிற தகடு ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொள்கிறது. எனவே முன் கையையும் பின் கையையும் தரைக்கு அடியில் சதுரக் குழாயால் சேர்த்துவிட வேண்டும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அதுதான் முதல் வேலை.

இதை வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. தூக்கினால் பாடி தொங்கும். தொங்கினபடியே பற்றவைத்தால் தொங்கினபடியே நின்றுவிடும், பிறகு ஜென்மத்துக்கும் கதவு சேராது. நாலு சக்கரமும் பலகைமேல் நிற்க வேண்டும், எஞ்சின் உள்ளே இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும். ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அவன் பாரமும் சேர்த்துத்தானே வண்டி.

அதனால் நான் அடியில் படுத்துப் பற்றவைக்கிற நேரமெல்லாம் மச்சான் மேலே சீட்டில் உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு தகடு. அவன் பேசுவது எனக்குக் கேட்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம், மாங்காய்க் கூழ் ஃபாக்டரியில் வேலை நிறுத்தம், எதையாவது பேசுவான். நான் ம் சொல்வேன். திருப்பதியைப் பற்றி மட்டும் அவன் பேசவில்லை.

ஒரு அங்குலம் பற்றவைப்பேன். விட்டுவிட்டு அடுத்த பக்கம் போவேன். ஒரே இடத்தில் சூடு ஏற்றினால் தகடு இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கதவு இடுக்கில் ஹேக்ஸா பிளேடு இரண்டைச் சேர்த்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பேன். தட்டாமல் வந்தால் பாடி நேராக இருக்கிறது. மீட்டர் எல்லாம் நமக்கு வராது. பிளேடு போதும்.

குழாய் இரண்டும் ஏறிவிட்டன. கம்பெனி பொட்டு பொட்டாக வைத்த பற்றுகளுக்கு நடுவே நானும் அங்கங்கே பற்றவைத்தேன். பின் அச்சைப் பிடிக்கிற இடத்தில் தகடு கிழியும் என்று தெரியும். அங்கே மூன்று எம்எம் தகட்டைப் பெட்டி மாதிரி மடித்து வைத்தேன். உள்ளே கூண்டு ஒன்றுதான் பாக்கி. வண்டி உருண்டால் ஆள் நசுங்காமல் இருப்பதற்கு.

கூண்டுக்கு அளவெடுக்க அவனை ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னேன். தலைக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் வேண்டும். பின்னால் நின்று டேப்பைப் பிடித்தேன். ஹெல்மெட்டுக்குக் கீழே பிடரி தெரிந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பிடரி. நடுவில் ஒரு குழி. முடி அதில் இடது பக்கமாக ஓடும். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததில்லை. அளவைச் சொல்லாமல் நின்றிருக்கிறேன் போல.

"இன்னா மாமா, நம்பர் மறந்துடுச்சா?" என்றான்.

மறுபடி அளந்தேன்.

அவள் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் அவனும் நானும் வெராண்டாவில்தான் படுத்தோம். பாகாலாவில் ரயில் மாறி நான் சித்தூருக்குத் துணி எடுக்கப் போனால் அவன் இருப்பான். அவன் போனால் நான். டாக்டர் தெலுங்கில் வேகமாகச் சொல்வார், மச்சான்தான் எனக்குப் பாதியை விட்டுவிட்டுச் சொல்வான். விட்ட பாதி என்ன என்று நான் கேட்கவில்லை. ராத்திரியில் தூக்கம் வராது. அவன் அந்தக் காரைப் பற்றிப் பேசினான். எஞ்சினை எப்படி உட்கார வைப்பது, கியர்பாக்ஸுக்குத் தரையை எங்கே வெட்டுவது. தண்ணீரைத் தொட்டுத் தரையில் விரலால் போட்டுக் காட்டினான். ஃபேன் காற்றில் அது காய்ந்துவிடும். மறுபடி போடுவான். அந்த வாரம் எனக்குப் புத்தி கலங்காமல் இருந்தது என்றால் அதனால்தான்.

கூண்டும் முடிந்தது. பொங்கலுக்கு முன்பே முடிந்துவிட்டது. பெயின்ட் தொட்டுவிட்டால் வண்டி ரெடி.

மறுநாள் காலை மச்சான் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் கிடந்தான். "மாமா, முன் கை வளைவுகிட்ட வீக்கா கீது. ஒரு தகடு வைக்கலாம்" என்றான். பார்த்தேன். வீக் இல்லை. வைத்தேன்.

அது முடிந்ததும் கதவுத் தூணுக்கு ஒன்று கேட்டான். பிறகு தரைக்குக் குறுக்கே ஒன்று. பிறகு அந்தக் குறுக்குக் குழாயைத் தாங்க இரண்டு. மூன்று எம்எம் எடுத்தால் நாலு எம்எம் போடு என்பான்.

எஞ்சின் தெரிந்தவன் கேட்கிற வேலை இல்லை அது. இதே ஆள்தான் பாரம் குறைய வேண்டும் என்று பின் சீட்டைக் கழற்றி எறிந்தவன். தரையில் ஒட்டியிருந்த தாரைக்கூட உளியால் சுரண்டினவன். சீட் தாங்கியில் துளை துளையாகப் போட்டு, "நூறு கிராம் போச்சு மாமா" என்று காட்டினவன். டிராக்கில் ஒவ்வொரு கிலோவும் பின்னால் பிடித்து இழுக்கிற கை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். அந்த வாயால்தான் நாலு எம்எம் போடு என்றான்.

போட்டேன். வெட்டுகிற வேலை, மடிக்கிற வேலை, பற்றவைக்கிற வேலை. அவன் மேலே சீட்டில், நான் கீழே. சாயந்திரம் கேரியர் வரும். இரண்டு பேரும் மட்கார்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்துத் தின்போம். அவன் அக்கா வைத்த புளிக்குழம்பைப் பற்றி ஒரு நாள் பேசினான். அன்றைக்கு ஒரு தகடு அதிகமாகக் கேட்டான்.

கூட வேலை செய்கிற பெயின்டர் ஒரு நாள் வந்து குனிந்து பார்த்தார். "ரேஸ் காரா, பேங்க் பெட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாசி போயிற்று. பங்குனி போயிற்று. ரேஸ் தேதி ஒன்று தாண்டிவிட்டது. அடுத்தது பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

சித்திரையில் ஒரு மத்தியானம் மச்சான் சம்சாரம் ஷெட்டுக்கு வந்தது. மச்சான் ஆயில் வாங்க வெளியே போயிருந்தான். நேரம் பார்த்துத்தான் வந்திருக்கும். நல்ல பெண். என் வீட்டுக்காரிக்குக் கடைசியில் தலை வாரி விட்டது அந்தப் பெண்தான். கேரியரைக் கீழே வைத்துவிட்டு நின்றது. உட்காரு என்றேன். உட்காரவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்" என்றது.

கேளும்மா என்றேன்.

திருப்பதியில் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறது. ஜூனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அதன் நைனா படி ஏற முடியாமல் ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறாராம். ஆட்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதையெல்லாம் கோபம் இல்லாமல் சொன்னது. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவர கேட்டா இன்னும் வெல்டிங் கீது, மாமா பண்ணிக்கினு கீறாருன்றாரு. அவரு சொல்றத நான் நம்பல அண்ணா. நீங்க சொன்னா நம்புவேன். இன்னும் இருக்குதா?"

நான் காரைப் பார்த்தேன். ஒரு பக்கம் கதவு திறந்திருந்தது. உள்ளே குழாய்மேல் குழாய். அவன் கேட்ட குழாய் ஒன்று, அளவு வெட்டினது, என் காலடியிலேயே கிடந்தது. இருக்குது என்று சொல்லியிருந்தால் ஆடி வரைக்கும் ஓட்டியிருக்கலாம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் அந்த வருஷம் குடும்பம் போகாது. அடுத்த வருஷம் என்னவோ ஆகட்டும். அந்தப் பெண் என்னை நம்புவேன் என்றது.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றேன்.

"எப்ப?"

"பொங்கலுக்கே."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தது. "எனக்குத் தெரியும் அண்ணா. நீங்களும் எங்களோட வந்துடுங்களேன்" என்றது.

பார்க்கலாம் என்றேன். அது மரியாதைக்குக் கேட்டது இல்லை, மனசாரக் கேட்டதுதான். ஆனால் மச்சானுடைய மாமனார் ஷெட்டில் நான் யார்? செத்துப்போன நாத்தனாரின் புருஷன். அந்த வீட்டில் எந்தப் பக்கம் உட்காருவது என்றே எனக்குத் தெரியாது. அதற்கும் தெரியும். மறுபடி கேட்கவில்லை.

சாயந்திரம் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். பைக்கை நிறுத்தினான். கிரைண்டர் வயரை நான் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். வயரைப் பிடுங்கி அவனும் ஒரு முனையைச் சுற்றினான்.

"ஏன் மாமா சொன்னே?"

"கேட்டுச்சு. சொன்னேன்."

"டிக்கி கீழ இன்னும் ஒண்ணு வைக்கணும்னு இருந்தேன்."

"போதும்டா."

"ஒண்ணே ஒண்ணு."

"வண்டில இதுக்கு மேல இடம் இல்ல" என்றேன்.

அவன் மண்ணெண்ணெயில் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. நானும் தின்னவில்லை. கேரியரை அப்படியே வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் பெயின்டரைக் கூப்பிட்டான்.

ரேஸைத் திருப்பதிக்குப் போன பிறகு ஓட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்தக் கார் பிறகு சென்னைப் பக்கம் ஓடியது என்று கேள்வி. நான் போகவில்லை. எத்தனை வினாடி என்று கேட்கவும் இல்லை.

அவர்கள் கிளம்பின அன்று காலையிலேயே மாமனார் மினி லாரி அனுப்பிவிட்டார். ஷெட்டில் அவன் பாதியை எடுத்தோம். எஞ்சின் தூக்கும் கிரேன் அவனுடையது. வெல்டிங் மெஷின் என்னுடையது. ஸ்பானர் பெட்டி இரண்டு பேரும் சேர்த்து வாங்கினது. நீ வைத்துக்கொள் என்றான். நீ எடுத்துக்கொள் என்றேன். கடைசியில் அது லாரியில் ஏறியது.

காரை வெளியே எடுத்தோம். புது வண்டியோ, பெரிய வேலை முடிந்த வண்டியோ, அவன் எதை எடுத்தாலும் ஆரத்தி சுற்றுவது அவன் அக்காதான். கூடப் பிறந்தவள் கைதான் சுற்ற வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அவன் சம்சாரம் தட்டில் மஞ்சள் நீரும் கற்பூரமும் வைத்துக்கொண்டு வந்தது. வண்டிக்கு முன்னால் நின்றது. சுற்றவில்லை. தட்டை என்னிடம் நீட்டியது.

ஆம்பிளை, அதுவும் பெண்டாட்டி போனவன், இதைத் தொடுகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. வேண்டாம்மா என்றேன். அது கையை இறக்கவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணி இடத்துல நீங்கதானே அண்ணா" என்றது.

வாங்கிச் சுற்றினேன். எந்தப் பக்கம் சுற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தரம் சுற்றிவிட்டு ரோட்டில் ஊற்றினேன். மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றினான். போனான்.

லாரி முன்னால், கார் அதன் பின்னால், நான் என் டிவிஎஸ்ஸில் கடைசியாக. ரேஸில் சேர வண்டி எடை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். திருப்பதி ரோட்டில் மாங்காய் மண்டிக்கு எதிரே எடைமேடை இருக்கிறது. அதுவரைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். லாரி நிற்காமல் போய்விட்டது. அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கை காட்டியது.

மச்சான் காரை மேடைமேல் ஏற்றினான். இரும்புத் தகடு ஒரு தரம் முனகியது. இறங்கினான். நான் பின் டயர் பக்கம் போய் நின்றேன். எடைக்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, மேடையில் நிற்காதீர்கள், இறங்குங்கள் என்று தெலுங்கில் சொன்னார். இறங்கினேன். மச்சானும் இறங்கினான். இரண்டு பேரும் ஓரத்தில் நின்றோம். ஆர்.சி. புத்தகத்தில் அந்த வண்டிக்குப் போட்டிருக்கிற எடை ஆயிரத்து இருநூறு கிலோ. புது எஞ்சினுக்கு நூற்றைம்பது சேர்த்துக்கொள்ளலாம்.

எடைக்காரர் சீட்டில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

"லோடா, காலீயா?"

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான்.

"காலி" என்றான்.

கண்ணாடிக்கு மேலே சிவப்பு நம்பர் ஓடி ஓடி நின்றது.

ஆயிரத்து அறுநூற்று நாற்பது.